எல்லாம் சூடு என்றான் மச்சான்

கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு எதிரே, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒரு கிளினிக் நடந்தது. 2005இல் அங்கே ஆலோசகராகச் சேர்ந்தேன். லாரி ஓட்டுநர்களிடம் பால்வினை நோய்களைப் பற்றிப் பேச வேண்டும், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், சிகிச்சை முடியும்வரை விடாமல் பின்தொடர வேண்டும். வேலை உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. நடைமுறையில் நான் செய்ததெல்லாம் 'சூடு' என்ற ஒரே ஒரு சொல்லோடு நாலரை வருஷம் மல்லுக்கட்டியதுதான்.

சிறுநீர் போகும்போது எரிகிறதா? சூடு. அந்த இடத்தில் புண்ணா? சூடு. வீட்டுக்குப் போனால் மனைவியோடு சேர முடியவில்லையா? அதுவும் சூடுதான். "பின்ன என்னா சார், நாளெல்லாம் இன்ஜின் மேலயே குந்திகினு கெடக்கோம், சூடு ஏறாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். இளநீர் குடித்தாயிற்று, வெந்தயம் ஊறவைத்துத் தின்றாயிற்று, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று, இதற்கு மேல் ரத்தத்தை எடுத்து என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பார்கள். நான் படம் போட்ட அட்டையை விரித்துவைத்து ஆரம்பத்திலிருந்து சொல்லுவேன். கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். முடிந்ததும், "அப்ப சூட்டுக்கு எதாவது மாத்திர குடுங்க சார்" என்பார்கள்.

இது போதாதென்று லாட்ஜ் டாக்டர்கள். மாதத்தில் ஒரு நாள் ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்து உட்காருவார்கள். 'இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?' என்ற சுவரொட்டி அதற்கு முன்பே எங்கள் கிளினிக்கின் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கும். நான் கிழிப்பேன். அடுத்த மாதம் அதே இடத்தில் புதுசாக இருக்கும்.

எங்களுக்குக் கொடுத்திருந்த படிவமோ அதைவிடக் கொடுமை. புண், வெள்ளை, எரிச்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. தூக்கம் வரவில்லை என்பவனுக்குக் கட்டம் கிடையாது. சாப்பாடு இறங்கவில்லை என்பவனுக்கும், காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்பவனுக்கும் கிடையாது. அவர்களையெல்லாம் கடைசியில் இருக்கும் 'மற்றவை' கட்டத்தில் டிக் செய்வேன். மேற்பார்வைக்கு வந்தவர் ஒருமுறை, "மற்றவை ஏன் சார் இவ்ளோ ஜாஸ்தியா இருக்கு? கொறைங்க" என்றார். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் என் குடும்பத்திலேயே ஒரு லாரி ஓட்டுநர் இருந்தான். என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் குடியிருந்தான். கடலூரிலிருந்து ரசாயன டிரம்களை ஏற்றிக்கொண்டு குஜராத் போவான். போய்வர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். வண்டிக்குள்ளேயே ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கவிட்டிருப்பான். ஊர் எல்லை வந்ததும் அதை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். வாய் ஓயாமல் பேசுவான். மராட்டிக்காரன் தமிழ் பேசினால் எப்படி, குஜராத்திக்காரன் பேசினால் எப்படி என்று நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பான். 2003இல் கல்யாணம். பெண் காட்டுமன்னார்கோயில். ரைஸ் மில் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண், பன்னிரண்டாவது படித்தவள், அளந்து பேசுகிறவள்.

அவளுக்கு 2006இல் ஐந்தாம் மாதம் கலைந்தது. அடுத்த வருஷம் ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அந்தச் சமயத்தில்தான் மச்சானும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இழவு வீட்டில் யார்தான் பேசுவார்கள் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி மட்டும் காரணம் கண்டுபிடித்துவைத்திருந்தாள். "எடுத்ததுக்கெல்லாம் டவுன் பஸ்ஸ புடிச்சி அம்மா வூட்டுக்கு ஓடுறா. அந்தப் பள்ளத்துலயும் மேட்டுலயும் குலுங்கினா எப்படிங்க தங்கும்?" இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் கிளினிக்கில் படம் காட்டி, 'இந்த நோய் பெண்களுக்குப் போனால் கரு தங்காது' என்று பாடம் நடத்துகிற நான். மோர் ஊற்று என்றேனே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

2008 சித்திரை வெயிலில் ஒரு மதியம். கிளினிக்கில் யாரும் இல்லை. வாசலில் நிழல் தட்டியது. மச்சான் நின்றிருந்தான். லோடு இறக்க இரண்டு நாள் ஆகும், வண்டி வரிசையில் நிற்கிறது என்றான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அந்த வெயிலில் அந்த அறையில் கதவைச் சாத்துகிறான் என்றால் விஷயம் பெரிதுதான்.

"மாமா, ஒடம்பெல்லாம் ஒரே சூடு."

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. "நீயுமாடா?" என்றேன்.

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். கறுப்பு லேகியம். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் வாங்கியதாம். ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், ஆனால் ஒன்றும் ஆகவில்லை. மனைவி பக்கத்தில் வந்து படுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, எழுந்து மாடிக்குப் போய்விடுகிறான். தூக்கம் என்பதே இல்லை.

"என் கிளினிக் வழியாதான வண்டிய ஓட்டிகிட்டுப் போற? அந்த லாட்ஜ் எங்க இருக்கு, இது எங்க இருக்கு?"

"உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது? நீங்க அக்கா வூட்டுக்காரரு."

அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக வந்தது. மச்சான் என்பதை மறந்துவிட்டு, மற்றவர்களிடம் கேட்பதுபோலவே வரிசையாகக் கேட்டேன். மூன்று வருஷம் முன்னால் வழியில் பெண்களோடு பழக்கம் இருந்தது என்றான். ஆணுறை போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு புண் வந்தது, வலியே இல்லை, இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிட்டது. அப்புறம் மேலெல்லாம் தடிப்பு வந்தது. அதுவும் போய்விட்டது.

"அதான் தானா போயிடிச்சே மாமா."

"தானா போறது வெளிய போவல மச்சான், உள்ள போயிருக்கு."

அவனுக்குத் தெரிந்தது ஒரே நோய்தான். அதன் பெயரை வாயால் சொல்லவும் பயந்தான். ரத்தம் பார்க்கலாம், இப்போதே எழுந்து வா என்றேன். வரமாட்டேன் என்றான். "ரத்தம் மட்டும் வேணாம். அதுதான்னு தெரிஞ்சிதுன்னா நான் வண்டிய நேரா பாலத்துல வுட்டுடுவேன்" என்றான்.

இப்படி ஒருவன் சொன்னால் அவனைத் தனியாக விடக் கூடாது, உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன்? கத்தினேன். "பொண்டாட்டிய பத்தி நெனச்சியாடா நீ?" என்று கத்தினேன். அவன் லேகிய டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது வரிசையில் அவன் வண்டி இல்லை.

அதற்குப் பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை. நான் ஒரு மாதம் தவித்தேன். டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்குக்கு வருவார். அவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "அவர் சொன்னதை அவர் மனைவிகிட்ட சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. ஆனா அந்தப் பொண்ண நீங்க சும்மா வுட்டுடவும் கூடாது" என்றார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனேன். மச்சான் லோடு ஏற்றிக்கொண்டு லைனில் போயிருந்தான். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"அண்ணா, அவுங்களுக்கு என்னா?"

"அவனத்தான் கேக்கணும்மா."

"அவுங்க பேசினா நான் ஏன் உங்களக் கேக்கறேன்? வந்தா மாடியில போயி படுத்துக்கறாங்க. தொட்டா தூக்கிவாரிப் போடுது. என்னயப் புடிக்கலையா, வேற யாராச்சும் இருக்காங்களா, ஒண்ணும் தெரியல. நீங்க அந்த மாதிரி ஆஸ்பத்திரியிலதான வேல செய்றீங்க?"

நான் காபியைக் குடித்தேன். பிறகு சொன்னேன்: "ரெண்டு தடவ இப்படி ஆயிருக்கு இல்ல. எதுக்கும் நீ ஒருவாட்டி ரத்தம் பாத்துக்கம்மா. எல்லாருக்கும் சொல்றதுதான்."

அவள் உள்ளே போய், பிரசவத்துக்குப் பதிந்திருந்த தனியார் நர்சிங் ஹோமின் அட்டைகள் இரண்டையும் எடுத்துவந்து கொடுத்தாள். பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு எதிரே இரண்டு அட்டையிலும் வெறுமையாக இருந்தது. யாரும் பார்த்திருக்கவில்லை. கேட்டு வாங்கிப் பார்க்கக் குடும்பத்தில் நான் ஒருவன் இருந்தேன். நானும் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் சொல்றதுன்னா, இத ஏண்ணா எனக்கு ரெண்டு வருசம் முன்னாடி சொல்லல?"

புதன்கிழமை டாக்டரம்மா வருவார், கிளினிக்குக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறி கடலூர் வந்தாள். டாக்டரம்மாவே கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கவைத்தார். மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் இருந்தது. ஊசியில் குணமாகிவிடக்கூடிய நோய். நான் வெளியே போய்விடுகிறேன் என்று எழுந்தேன். "இருங்கண்ணா, இனிமே என்னா இருக்கு" என்றாள்.

"எனக்கு எப்படி வந்துச்சி டாக்டர்?"

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"அவரப் பாக்காதீங்க. என்னயப் பாத்து சொல்லுங்க."

டாக்டரம்மா சொன்னார். மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல். கரு கலைந்தது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதனால் இருக்கலாம் என்றும் சொன்னார். அவள் அழவில்லை. இன்னொருமுறை உண்டானால் தங்குமா என்று கேட்டாள். இரண்டு பேருமே ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டால் தங்கும் என்றார். வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். முதல் ஊசியை அன்றைக்கே போட்டுக்கொண்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய், என் மேசையில் இருந்த கிளினிக் போனை எடுத்து அவனை அழைத்தாள். புது எண்ணாக இருந்ததால் எடுத்துவிட்டான்.

"நான்தான் பேசறன். கடலூர்ல இருக்கேன். எனக்கு ஊசி போட்டிருக்காங்க. உங்களுக்கும் போடணுமாம். நீங்க பயந்த அது இல்ல. வந்து ரத்தம் குடுத்துட்டு வூட்டுக்கு வாங்க. இல்லன்னா வராதீங்க."

அவ்வளவுதான். நான் ஒரு வருஷம் பேசினாலும் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

எட்டாவது நாள் வந்தான். அவனுக்கும் அதே முடிவு. எச்.ஐ.வி. இல்லை என்றதும் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரித்தான். எல்லாம் முடிந்துவிட்டது, பழையபடி ஆகிவிடுவான் என்று நாங்கள் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான். முதல் ஊசி, இரண்டாவது ஊசி. தூக்கம் மட்டும் வரவே இல்லை.

மூன்றாவது ஊசி போட்ட அன்று, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பெஞ்சில் அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு வண்டி பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. அவன் உடம்பு துள்ளி அடங்கியது. என்னடா என்றேன்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஆந்திராவுல, பட்டப்பகல்ல, ஒரு ஆளு ரோட்டோரமா நின்னிருந்தாரு மாமா. பஸ்ஸுக்கு நிக்கறாருன்னு நெனச்சேன். நான் கிட்ட வந்ததும் ஒரு எட்டு எடுத்து வச்சாரு. பிரேக்குல ஏறி நின்னேன். லோடு வண்டி எங்க நிக்கும்? என்னயப் பாத்துகிட்டேதான் வந்தாரு."

போலீஸ் விசாரித்துத் தற்கொலை என்று எழுதிக்கொண்டது. இவன்மேல் தப்பில்லை. முதலாளி அதே வாரத்தில் வேறு வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். "தப்பில்லன்னு ஆயிடிச்சே, அப்பறம் என்னான்னு போயி சொல்றது?" என்றான். கண்ணை மூடினால் அந்த முகம். மனைவி பக்கத்தில் வந்தாலும் அந்த முகம். இத்தனை காலம் அதைத்தான் அவன் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்தப் படிவத்தைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. எத்தனை பெண்கள், எந்த ஊர், உறை போட்டாயா போடவில்லையா என்று ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன். ரோட்டில் என்ன பார்த்தாய் என்று ஒருவனையும் கேட்டதில்லை.

மனநல டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கு என்னா பைத்தியமா?" என்று எழுந்துவிட்டான். லாட்ஜில் முன்பின் தெரியாத ஆளிடம் வேட்டியை அவிழ்க்கத் தயங்காதவன், படித்த டாக்டர் எதிரில் உட்கார்ந்து தூக்கம் வரவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறான். கெஞ்சினேன், திட்டினேன், அவன் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விழுப்புரம் தாண்டவில்லை. காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. "மாமா, வண்டிய ஓரங்கட்டிட்டேன். எதுக்க ஒரு ஆளு ரோட்ட தாண்டினாரு. சும்மா தாண்டினாரு. பிரேக்குலேர்ந்து கால எடுக்க வரல. அரைமணி நேரமா இப்படியே குந்திகினு இருக்கேன்."

"சாவிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எறங்கி நிழல்ல நில்லு. நாங்க வர்றோம்."

நான் அவன் மனைவிக்குச் சொல்லி, இருவரும் பஸ் பிடித்துப் போனோம். நாங்கள் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு புளியமரத்தடியில், அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். ஏன் அதைப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. முதலாளி வேறு டிரைவரை அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டார். இவனை மறுபடி கூப்பிடவில்லை. நாங்கள் அவனை நேராகக் கடலூரில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இந்த முறை பைத்தியமா என்று கேட்கவில்லை. உள்ளே ஒரு மணி நேரம் பேசியிருப்பான். வெளியே வந்து, "அவுரு நல்லா கேக்கறாரு மாமா" என்றான். நான் இத்தனை நாள் கேட்காததைக் குத்திக்காட்டுகிறானோ என்று கோபமாக வந்தது. அவன் அப்படிச் சொல்லவில்லை.

மாத்திரை, மாதத்துக்கு ஒருமுறை பேச்சு. ஆறு மாதத்தில் தூங்க ஆரம்பித்தான். பிறகு கரும்பு லோடு ஓட்டப் போனான். வயலில் ஏற்றிப் பெண்ணாடம் ஆலையில் இறக்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

ஒரு பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தபோது என் மனைவி, யாருடைய பேச்சோ வந்து, மறுபடியும் அந்த டவுன் பஸ் கதையை ஆரம்பித்தாள். தம்பி மனைவி தலையைக் குனிந்து இலை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். மச்சான்தான் பேசினான்.

"அக்கா, அது பஸ்ஸால இல்ல. என்னால. எங்கிட்ட இருந்த நோவு அவளுக்குப் போயிடிச்சி. இனிமே அத சொல்லாத."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியுமா என்ற பார்வை. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடியது. ஆனால் பஸ் கதை அதோடு நின்றது.

2009 கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டார்கள். திட்டம் முடிந்துவிட்டதாம். நோயும் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். படிவங்களைச் சாக்கில் கட்டி ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதற்கடுத்த வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது குத்துக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், இத்தனை வருஷம் கழித்து எப்படி என்று விசாரித்தார். மச்சான் கொஞ்சமும் கூசாமல், "ஒரு மண்டலம் லேகியம் சாப்ட்டேன்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப்போனேன். அவன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"வுடுங்கண்ணா. நெசத்த சொன்னா என் ஊசிக் கதையும்தான பந்தியில வரும். வேணுன்னுதான் அப்படி சொல்றாங்க."

இருக்கலாம். ஆனால் அந்த உறவுக்காரர் போகும்போது லாட்ஜ் எது என்று விசாரித்துக்கொண்டு போனார். அவரைப் பஸ் நிறுத்தம்வரை துரத்திக்கொண்டு போய், ஓரமாகக் கூப்பிட்டு, மறுபடியும் படம் இல்லாமலே பாடம் நடத்தவேண்டி வந்தது எனக்கு.

2012 ஆடியில் அவன் மனைவி போன் செய்தாள். மாத்திரையை அவனாகவே நிறுத்திவிட்டானாம், நாலு நாளாகத் தூக்கம் இல்லையாம். லீவு போட்டுவிட்டுப் போனேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"நல்லாதான மாமா இருக்கேன், அப்பறம் எதுக்கு மாத்திர?"

"மாத்திர தின்னதாலதான் நல்லா இருந்த. சட்டைய மாட்டு."

பஸ் பிடித்துக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவனைத் திட்டவில்லை, சிரித்தார். எல்லோரும் இப்படித்தான் நிறுத்துவார்கள், நிறுத்துவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு மெல்லக் குறைக்கலாம் என்றார். அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்தார். அடுத்த மாதம் வந்து காட்டச் சொன்னார். திரும்பும்போது மச்சான், "அடுத்த மாசம் நீங்க வர வேணாம் மாமா, நானே போயிக்கறேன்" என்றான். நீ போகமாட்டாய் என்றேன். சத்தியம் செய்தான்.

போனான். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிளம்பிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாள்.